சோயா: பயன் நூறு, வாங்க ஆள் யாரு?

சோயாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். எண்ணெய் எடுக்கலாம், பால் எடுக்கலாம், அந்தப் பாலைத் திரித்து டோஃபு பண்ணலாம், சாஸ் பண்ணலாம், மாவாக்கலாம், மீல் மேக்கர் பண்ணலாம், புண்ணாக்கைக் கோழிக்குப் போடலாம். அதோடு விட்டால் பரவாயில்லை. சாக்லேட்டில் சேர்க்கும் லெசித்தின், அச்சு மை, மெழுகுவர்த்தி, பெயின்ட், பசை, பயோடீசல் என்று பட்டியல் மளிகைக் கடை சீட்டு மாதிரி நீண்டுகொண்டே போகும். கடைசி வரியில் கண்டிப்பாக "அதிசயப் பயிர்" என்று முடியும்.

பட்டியலில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஹென்றி ஃபோர்டு 1941-இல் சோயா உள்ளிட்ட தாவரப் பொருள்களில் செய்த பிளாஸ்டிக் பலகைகளை மாட்டி ஒரு காரையே ஊருக்குக் காட்டினார் (அந்தக் கார் கடைசி வரை கடைக்கு வரவில்லை என்பது வேறு விஷயம்). சோயாவில் 40 சதவீதம் புரதம், 20 சதவீதம் எண்ணெய். பருப்பு வகையில் இப்படி இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிற செடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். செடியை நான் குறை சொல்லவில்லை.

என் சண்டை பட்டியல் போடுகிறவர்களோடு. இத்தனை பயன் இருக்கிறது, அதனால் விவசாயி இதைப் போட்டால் லாபம் என்று முடிக்கிறார்கள் பாருங்கள், அந்த "அதனால்" இருக்கிறதே, அங்கேதான் பெரிய ஓட்டை.

தேனி மாவட்டத்துக்காரன், அதிலும் காமர்ஸ் படிக்கிறவன் என்ற முறையில் அந்த ஓட்டையைக் கொஞ்சம் டார்ச் அடித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

பயன் யாருக்கு?

எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் ஜாயின்ட் பிராடக்ட்ஸ் என்று ஒரு பாடம் உண்டு. பி.காம் மக்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே மூலப்பொருளிலிருந்து ஒரே வேலையில் இரண்டு மூன்று பொருள்கள் வரும். அவை தனித்தனியாகப் பிரிகிற இடத்துக்கு ஸ்பிளிட் ஆஃப் பாயின்ட் என்று பெயர். அதுவரை ஆன செலவு பொதுச் செலவு. அதைத் தாண்டியபிறகு ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலை, தனி சந்தை, தனி லாபம்.

சோயாவுக்கு இந்தப் பிரியும் இடம் எங்கே இருக்கிறது? மில்லுக்குள்ளே. 100 கிலோ சோயா உள்ளே போனால் ஏறக்குறைய 18 கிலோ எண்ணெயும் 80 கிலோ புண்ணாக்கும் வெளியே வரும். எண்ணெயிலிருந்து லெசித்தின் பிரியும். எண்ணெய் எடுத்த மாவை இயந்திரத்தில் அழுத்திப் பொரித்தால் மீல் மேக்கர். நீங்கள் பட்டியலில் படிக்கிற நூறு பயனில் பெரும்பகுதி இந்த இடத்துக்கு அப்புறம் பிறப்பது. விவசாயி நிற்பது அதற்கு முன்னால். அவர் கையில் இருப்பது ஒரே ஒரு பொருள்: மூட்டையில் கட்டின மஞ்சள் கொட்டை. அதற்கு விலை சொல்கிற அதிகாரம் மில் வாசலில் இருக்கிறது.

அப்படியானால் சோயாவின் நூறு பயன் என்பது மில்காரரின் சொத்துப் பட்டியல். அதை விவசாயியிடம் படித்துக் காட்டுவது, அடுத்தவர் வீட்டுப் பீரோவில் இருக்கும் நகைக்கு நம்ம வீட்டில் கணக்கு எழுதுகிற மாதிரி.

நம்ம பக்கத்தையே பாருங்கள்

இதற்கு இந்தூர் வரை போகவே வேண்டாம். போடி போதும்.

ஏலக்காய்க்கு எத்தனை பயன் என்று விரல் விட்டு எண்ணுங்கள். டீ, பாயசம், பிரியாணி, கொஞ்சம் மருந்து, கொஞ்சம் வாசனை எண்ணெய். கை விரல் பத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் இடுக்கி மலையில் விளையும் காய் போடிக்கு வந்தே தீரும். ஏன்? அங்கே ஏலம் இருக்கிறது. ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின் ஏலம் போடியிலும் புத்தடியிலும் நடக்கிறது. விலை ஏறலாம், இறங்கலாம், வயிற்றெரிச்சலும் உண்டு. ஆனாலும் இன்றைக்கு என்ன விலைக்குப் போனது என்று தெரியும். வாங்குவதற்கு ஆள்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பத்துப் பயன் உள்ள காய்க்கு ஒரு சந்தை இருக்கிறது. நூறு பயன் உள்ள கொட்டைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் அப்படி ஓர் ஏலம் இல்லை.

அடுத்தது திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழமாகச் சாப்பிடலாம், ஜூஸ் போடலாம், ஜாம் போடலாம், ஒயின் காய்ச்சலாம் என்று அதற்கும் ஒரு பட்டியல் உண்டு. ஆனால் சம்சாரிக்குத் தெரிந்ததெல்லாம் பழுத்த பழம் கொடியில் காத்திருக்காது என்பதுதான். மழை வந்தால் வெடிக்கும். வெட்டினால் அன்றைக்கே பெட்டி ஏறவேண்டும். வியாபாரி சொன்னதுதான் விலை. பழத்துக்கு எத்தனை பயன் இருந்தாலும், பக்கத்தில் அந்தப் பயனுக்கு ஒரு ஆலை இல்லாவிட்டால் பெட்டிக்கு நூறு ரூபாய்கூடச் சேர்த்துக் கிடைக்காது.

மூன்றாவது, இலவம்பஞ்சு. போடியிலும் வருசநாட்டுப் பக்கமும் இலவ மரங்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மெத்தை, தலையணை என்றால் ஒரு காலத்தில் இலவம்பஞ்சுதான். பிறகு ஃபோம் மெத்தை வந்து அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? சோயாவின் நூறு பயனில் ஒன்று இந்த ஃபோம். 2008 மாடல் ஃபோர்டு மஸ்டாங் காரின் சீட்டில் சோயா எண்ணெய் கலந்து செய்த ஃபோமைத்தான் வைத்தார்கள். அதாவது அமெரிக்காவில் சோயாவுக்குக் கிடைத்த ஒரு "பயன்", இலவம்பஞ்சோடு போட்டி போடுகிற சரக்கு. ஒரு செடிக்குப் பயன் அதிகமானால் எல்லா விவசாயிக்கும் நல்லது என்று யார் சொன்னது?

செக்கில் ஆட்டலாமே?

போன வருஷம் எங்கள் சித்தப்பா வாட்ஸ்அப்பில் வந்த இந்த மாதிரி ஒரு பட்டியலைக் காட்டி, "ஏப்பா, நீதான் கணக்குப் படிக்கிறியே, இதை நம்ம தென்னைக்குள்ள போட்டா காசு வருமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, "மில்லு இல்லாட்டி என்ன, செக்குல ஆட்டிக்கிருவோம்" என்றார். நியாயமான யோசனை. எங்கள் பக்கம் கடலை, எள்ளு, தேங்காய் எல்லாம் செக்கில்தானே ஆடுகிறது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். கொப்பரையில் 60 சதவீதத்துக்கு மேல் எண்ணெய். எள்ளிலும் கடலைப் பருப்பிலும் ஏறக்குறையப் பாதி. சோயாவில் ஐந்தில் ஒரு பங்குதான். இவ்வளவு குறைவான எண்ணெயை அழுத்திப் பிழிந்தால் அதிலும் ஒரு பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதனால்தான் உலகம் முழுக்க சோயாவை ஹெக்சேன் என்ற கரைப்பான் ஊற்றி எண்ணெய் எடுக்கிறார்கள். அந்த ஆலை நம்ம தெரு செக்கு மாதிரி இல்லை. தினமும் நூற்றுக்கணக்கான டன் கொட்டை உள்ளே போனால்தான் கட்டுப்படியாகும். நாலு பேர் தலா ஒரு ஏக்கர் போட்டு அதற்குத் தீனி போட முடியாது.

சரி, எண்ணெய் வேண்டாம், வீட்டில் சாப்பிடலாமே? இங்கேதான் பெயர் நம்மை ஏமாற்றுகிறது. தமிழில் இதற்கு சோயா மொச்சை என்று பெயர். வேளாண் பல்கலைக்கழகப் புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கும். பெயரில் மொச்சை இருக்கிறதே தவிர, நடத்தையில் மொச்சை இல்லை. மொச்சையை ஊறவைத்து, வேகவைத்து, கத்திரிக்காயோடு குழம்பு வைத்தால் வேலை முடிந்தது. மிஞ்சினால் அடுத்த வருஷத்துக்கு விதை. சந்தைக்குக் கொண்டுபோனால் அரைக் கிலோ வாங்கக்கூட ஆள் உண்டு.

சோயாவில் டிரிப்சின் தடுப்பான் என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது. சரியாக வேகவைக்காவிட்டால் புரதம் செரிக்காது. பச்சை வாடை வேறு. விதை விஷயம் இன்னும் மோசம். நம்ம வெக்கையில் சோயா விதையின் முளைப்புத் திறன் சீக்கிரமே இறங்கிவிடும். அதனால் பெரும்பாலும் ஒவ்வொரு தடவையும் விதைக்கு வெளியே கை நீட்ட வேண்டியதுதான். முன்பு சோயாவே போடாத மண்ணில் அதற்கென்று உள்ள ரைசோபியம் நுண்ணுயிரைக் கலந்து விதைக்க வேண்டும். இல்லையென்றால் வேர் முடிச்சு சரியாக வராது. நைட்ரஜன் சேர்க்கும் என்ற பெருமையும் காற்றோடு போய்விடும். நெற்று முற்றியபிறகு அறுவடையைத் தள்ளிப்போட்டால் வெடித்துக் கொட்டும்.

இதெல்லாம் சமாளிக்க முடியாத சிக்கல் என்று சொல்லவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ-1, கோ-2, கோ-3 என்று சோயா ரகங்களைக் கொடுத்திருக்கிறது. 90 நாள் சுற்றில் விளையும். விளையவைப்பது பெரிய வித்தை இல்லை. விளைந்ததை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு

இந்தியாவில் சோயாவின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு ஏறக்குறைய ஒரு டன். ஏக்கருக்கு 4 குவிண்டால். நம்ம பக்கம் தண்ணீர் பாய்ச்சிப் போடுகிறோம் என்று தாராளமாக 7 குவிண்டால் வைத்துக்கொள்வோம். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,328 ரூபாய். பெருக்கினால் 37,296 ரூபாய். உழவு, விதை, உரம், களை, அறுப்பு, வண்டி எல்லாவற்றுக்கும் முன்னாலான தொகை இது.

இதில் ஒரு "ஆனால்" இருக்கிறது. ஆதரவு விலை என்பது அரசு வந்து வாங்கினால்தான் விலை. வாங்காவிட்டால் அது வெறும் அறிவிப்பு. சோயாவின் தலைநகரமான மத்தியப் பிரதேசத்திலேயே என்ன நடந்தது? 2024-25-க்கு ஆதரவு விலை 4,892 ரூபாய். அந்த ஆண்டு மண்டியில் விலை 4,000 ரூபாயைச் சுற்றித் தள்ளாடியது. விவசாயிகள் 6,000 ரூபாய் கேட்டு டிராக்டரோடு தெருவில் இறங்கினார்கள். அதன்பிறகுதான் கொள்முதலுக்கு அனுமதி வந்தது. அதிலும் ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று நிபந்தனை. பிறகு அதை 15 வரை தளர்த்தினார்கள். 2025-இல் விலை வித்தியாசத்தைக் கையில் கொடுக்கும் பாவாந்தர் திட்டத்தை அந்த மாநில அரசு சோயாவுக்குக் கொண்டுவந்தது.

மில்லும் மண்டியும் ஆராய்ச்சி நிலையமும் பக்கத்திலேயே இருக்கிற விவசாயியின் கதி இது. ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற சின்னமனூர்க்காரர் 7 மூட்டையை வைத்துக்கொண்டு யாரிடம் போய் 5,328 கேட்பார்? 4,000-க்குப் போனால் 28,000 ரூபாய். 9,296 ரூபாய் அப்படியே அம்பேல்.

"நாமக்கல்லுக்கு சோயா வேணுமே!"

இது நல்ல எதிர்வாதம். நாமக்கல் முட்டைக் கோழிக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தான் முக்கியத் தீனி. தேனி மாவட்டத்தில் மக்காச்சோளம் போடுகிறோம். சோயாவும் போட்டால் என்ன?

மக்காச்சோளம் மூட்டையாகவே தீவன ஆலைக்குள் போகும். சோயா பெரும்பாலும் புண்ணாக்காகத்தான் போகும். நடுவே மில் வேண்டும். மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

மில்லே வந்தாலும் இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. 2021 ஜூலை, ஆகஸ்டில் சோயா விலை குவிண்டால் 10,000 ரூபாயை எட்டியது. சோயா விவசாயிக்கு வாராது வந்த நேரம். உடனே கோழித் தீவனம் விலை ஏறிவிட்டது என்று சத்தம் கிளம்பியது. மத்திய அரசு அந்த ஆகஸ்டிலேயே 12 லட்சம் டன் மரபணு மாற்றப்பட்ட சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதித்தது. டிசம்பரில் சோயாப் புண்ணாக்குக்கு இருப்பு வரம்பு. அதே டிசம்பரில் சோயாவின் முன்பேர வணிகத்தை செபி நிறுத்தியது. பிறகு அந்தத் தடை பலமுறை நீட்டிக்கப்பட்டது.

கோழிப் பண்ணைக்காரரும் பாவம்தான், அவருக்கும் கடன் இருக்கிறது. நான் கேட்பது வேறு. விலை ஏறினால் சில வாரங்களில் கப்பலுக்கு வழி திறக்கிறது. விலை இறங்கினால் விவசாயி டிராக்டரோடு தெருவுக்கு வரவேண்டியிருக்கிறது. இது என்ன நியாயம்?

எண்ணெயும் அப்படித்தான். 2024-25 எண்ணெய் ஆண்டில் இந்தியா ஏறக்குறைய 160 லட்சம் டன் சமையல் எண்ணெய் இறக்குமதி செய்தது. சோயா எண்ணெய் மட்டும் 50 லட்சம் டன்னுக்கு மேல். பெரும்பகுதி அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து. 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய் வகைகளுக்கு அடிப்படைச் சுங்க வரியை 20 சதவீதம் ஆக்கினார்கள். 2025 மே கடைசியில் 10 ஆகக் குறைத்துவிட்டார்கள். இடையில் ஒன்பது மாதம்கூட இல்லை. இந்த வரியை நம்பி ஒருவர் பயிரை மாற்றியிருந்தால் அவர் கதி? பிரேசில் விவசாயி ஹெக்டேருக்கு மூன்று டன்னுக்கு மேல் எடுக்கிறார். அவரோடு போட்டி போடச் சொல்லி நம்ம ஆளைக் களத்தில் இறக்கிவிட்டு, கோட்டை மட்டும் அடிக்கடி மாற்றிப் போடுகிறோம்.

மத்தியப் பிரதேசத்தில் எப்படி ஜெயித்தது?

நியாயமாகப் பேசவேண்டுமென்றால் இதையும் சொல்லவேண்டும். 1960களில் ஜபல்பூர், பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சோயாவைக் கொண்டுவந்தன. மத்தியப் பிரதேசத்தில் கரிசல் நிலத்தை மழைக்காலத்தில் சும்மா போட்டுவைக்கிற வழக்கம் இருந்தது. அந்த இடத்தில் சோயா வந்து உட்கார்ந்தது. எந்தப் பயிரையும் விரட்டாமல் கிடைத்த கூடுதல் வெள்ளாமை. பின்னாலேயே கரைப்பான் ஆலைகள் வந்தன. புண்ணாக்கு கப்பலேறியது. கூட்டுறவும் வந்தது. செடி, ஆலை, வாங்குகிற நாடு மூன்றும் சேர்ந்ததால் அங்கே சோயா நின்றது.

நம்ம பள்ளத்தாக்கில் அப்படிச் சும்மா கிடக்கிற நிலம் எங்கே? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற 14,707 ஏக்கர் இருபோக நெல். மற்ற இடத்தில் தென்னை, திராட்சை, வாழை. ஆண்டிபட்டிப் பக்க மானாவாரியில் மொச்சை, தட்டாம்பயறு, துவரை. சோயா வந்தால் இதில் ஒன்றை எழுப்பிவிட்டுத்தான் உட்காரவேண்டும். எழுந்து போகப்போவது அநேகமாக மொச்சையாகத்தான் இருக்கும். ஏனென்றால் மொச்சைக்கு யாரும் நூறு பயன் பட்டியல் போடவில்லை. மொச்சையிலும் தட்டாம்பயறிலும் 20 முதல் 25 சதவீதம் புரதம். சோயா அளவுக்கு இல்லைதான். ஆனால் அது மில்லைத் தேடாமல் நேராக நம்ம சட்டிக்குள் வருகிற புரதம். மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கும் வேலையையும் அதுவே செய்கிறது.

மீல் மேக்கர் கோஷ்டிக்கு

நடுவில் ஒரு விஷயம். சோயா சாப்பிட்டால் ஆண்களுக்கு ஹார்மோன் குறையும் என்று ஹாஸ்டலில் ஒரு கோஷ்டி மீல் மேக்கரை ஒதுக்கி வைக்கிறது. அவர்கள் என் கட்சியில் சேர வேண்டாம் :-) மனிதர்களிடம் நடத்திய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து 2010-இலும் 2021-இலும் வெளிவந்த ஆய்வுகள், சோயாவால் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு மாறவில்லை என்றுதான் சொல்கின்றன. ஒவ்வாமை இல்லாதவர்கள் மீல் மேக்கரைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். விலைக்கு அது நல்ல புரதம். சாப்பிடுவது வேறு, எங்கள் ஊர் விவசாயியை அதைப் பயிர் செய்யச் சொல்வது வேறு.

அப்ப என்னதான் செய்யணும்?

வாங்குபவர் முதலில், விதை அப்புறம். இவ்வளவுதான் என் கோரிக்கை.

யாராவது இந்தப் பள்ளத்தாக்கில் சோயா போடச் சொல்ல வந்தால் மூன்று விஷயத்தைக் கையோடு கொண்டுவரட்டும்.

ஒன்று, எழுத்தில் ஒப்பந்தம். ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று 2019-இல் தனிச் சட்டமே கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. சட்டம் இருக்கும்போது வாய்ப் பேச்சு எதற்கு? என்ன விலை, எவ்வளவு ஈரப்பதம், யார் வண்டி, எத்தனை நாளில் பணம் எல்லாம் விதைப்புக்கு முன்னால் தாளில் இருக்கவேண்டும்.

இரண்டு, மில் எங்கே என்ற பதில். பால், டோஃபு செய்யும் சின்னக் கூடம் என்றால் அதுவும் சரிதான். ஆனால் அந்தக் கூடம் மாதம் எத்தனை மூட்டை எடுக்கும் என்று சொல்லட்டும். பத்து மூட்டை எடுக்கிற கூடத்துக்கு நூறு ஏக்கர் விதைக்கச் சொன்னால் அது பிரசாரம் இல்லை, பாவம்.

மூன்று, மொச்சையோடு ஒப்பிட்ட கணக்கு. அதே நிலம், அதே தண்ணீர், அதே நாள். சோயாவில் மிஞ்சுவது இவ்வளவு, மொச்சையில் மிஞ்சுவது இவ்வளவு என்று இரண்டு பத்தி போட்டுக் காட்டட்டும். முதல் வருஷம் படிக்கிற பையன்கூடச் செய்யக்கூடிய வேலை.

இந்த மூன்றும் சரியாக இருந்தால் சோயா போடட்டும், நானே மூட்டை தூக்க வருகிறேன். எனக்கு சோயா மேல் பகை ஒன்றும் கிடையாது. இந்த மூன்றும் இல்லாமல் பயன்களை மட்டும் அடுக்கினால், அதை நம்பி விதைத்த குடும்பம்தான் விதைக் கடன், உரக் கடன், அறுப்புக் கூலி எல்லாவற்றையும் சுமக்கும். பட்டியல் போட்டவர் அடுத்த மாதம் முருங்கையின் நூறு பயன் எழுதப் போய்விடுவார்.

ஆகவே மக்களே, உங்கள் வீட்டுக் குழுவில் யாராவது "சோயாவின் 100 பயன்கள்" என்று அனுப்பினால் சண்டை போடாதீர்கள். ஒரே ஒரு கேள்வியைத் திருப்பி அனுப்புங்கள்: "அறுத்த மூட்டையை ஏத்தினா, வண்டி எந்த ஊருக்குப் போகணும்?"

ஊர்ப் பெயர் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.